மூன்றே முக்கால்

பாலாடா பள்ளத்தில் இரவு ஒன்றரைக்கே
கேரட் பிடுங்கத் தொடங்கிவிடுவோம்.
விடிவதற்குள் கழுவி, மூட்டை கட்டி,
மேட்டுப்பாளையம் மண்டிக்கு வண்டி இறங்கியாக வேண்டும்.
பதினோரு பேர், பதினோரு நெற்றி விளக்கு.
ரோட்டிலிருந்து பார்த்தால்
எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று நினைப்பீர்கள்.

இரண்டு மணிக்கு வாய் ஓயாது.
எஸ்தர் நாத்தனாரைத் திட்டுவாள்.
ரெங்கநாயகி சீட்டுக் கணக்கு சொல்வாள்.
காட்டுமாடு வந்தால் தகரம் தட்ட
ஒருத்தன் மேட்டில் நிற்பான்.

மூன்றேகாலுக்குப் பேச்சு குறையும்.
மூன்றரைக்கு யாரோ ஒரு வாக்கியத்தைப் பாதியில் விடுவார்கள்,
மீதியை யாரும் கேட்கமாட்டார்கள்.
மூன்றே முக்கால்.
அந்தக் குளிர் பனியினுடையது இல்லை.
உறைபனி இறங்குவது பிறகுதான், விடியலை ஒட்டி.
இது உள்ளேயிருந்து வருவது.
அடுப்பைத் தணித்துவிட்டு வீட்டுக்காரி படுக்கப் போவதுபோல
உடம்பு தன் சூட்டைக் குறைத்துக்கொண்டு
என்னைக் கேட்கும்:
நீ இன்னும் போகலையா?

பதினான்கு வருஷமாகப் பழக்கிப் பார்க்கிறேன்.
முழங்காலைக்கூடப் பழக்கிவிட்டேன்,
இது மட்டும் படியவில்லை.
விரல் கேரட்டின் தலையைப் பிடித்திருக்கும்,
இழுக்க மறந்திருப்பேன்.
ஒருநாள் குனிந்தபடியே கனவு வந்தது.
ஒரு பஸ், அதில் நான் மட்டும், டிக்கெட்டைத் தேடுகிறேன்.
கண்டக்டர் முகம் தெரிவதற்குள்
எஸ்தர் மண்கட்டி எறிந்து எழுப்பிவிட்டாள்.

அதே உடம்பு
ஆறரைக்கு எதிர்மேட்டு யூகலிப்டஸுக்கு மேலே
வெளிச்சம் கிழிந்ததும் கண்ணை விரிக்கும்.
கூலி வாங்கி வந்து
ஜன்னலுக்குக் கோணிச்சாக்கு மாட்டினாலும்
ஓட்டை வழியே ஒரு நூல் வெயில் நுழைந்து
சாவி கொடுத்துவிட்டுப் போகும்.
கோழித்தூக்கம். பன்னிரண்டுக்கு முடிந்துவிடும்.

திலகன் பதினொன்றாம் வகுப்பு.
ஒன்பது மணிக்கே சுருண்டுகொண்டிருந்தவன்
மீசை அரும்பியதிலிருந்து நடுச்சாமம் வரை முழிக்கிறான்.
காலையில் அவனை எழுப்புவது
கல்லில் நார் உரிப்பது.
முதல் பாடவேளையில் தூங்குகிறானாம்,
கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள்.
இயற்பியல் வாத்தியார், மரியாதையானவர்,
"சோம்பேறி ஆகிவிட்டான், கொஞ்சம் கண்டியுங்கள்" என்றார்.
மதியம் மூன்று மணி. முதுகில் வெயில்.
அவர் பேசப் பேச
நான் தூங்கிப்போனேன்.

கண் விழித்தபோது
அவர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்,
ஒரு கொட்டாவியைப் புறங்கையால் மறைத்தபடி.
கையெழுத்து கேட்கவில்லை.

போன வாரம் விலை விழுந்து
கேரட்டை மண்ணிலேயே விட்டுவைத்தார்கள்.
அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்தேன்.
பன்னிரண்டே முக்காலுக்குக் கண் தானாகத் திறந்தது,
யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல.
மூன்றே முக்காலுக்குப் படியாத உடம்பு
இதை மட்டும் எப்போது கற்றுக்கொண்டது?

சமையலறையில் விளக்கு.
திலகன் குந்தி உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்,
காலையில் ஒருநாளும் நான் பார்த்திராத முகத்தோடு.
"போகலையா?"
"வேலை இல்ல."
மற்ற நாள் பிக்கப் ஹாரன் அடிக்கும்,
பூட்ஸைத் தேடி ஓடுவேன்.
இந்த நேரத்துக்கு அவனுக்குப் பசிக்கும் என்பதே
எனக்குத் தெரியாது.
இரண்டு முட்டை பொரித்தேன்.
பூனைக்கும் ஒரு துண்டு போட்டான்.

ஒன்றரைக்கு அவன் கண் சொக்கியது,
எனக்கோ பட்டப்பகல்.
நோட்டை மூடிவைத்தேன்.
பேனா அவன் விரலுக்குள்ளேயே இருந்தது,
நான் இழுக்கவில்லை.

வெளியே பள்ளத்தில் ஒரு விளக்கும் இல்லை.
உட்கார்ந்திருந்தேன்.
மூன்றே முக்கால் எப்படியும் வரும்,
இன்றைக்காவது அதற்கு
ஒரு போர்வை கொடுக்கலாம்.