எட்டாம் இடத்தில் எட்டு

கரடிப்போக்குச் சந்தியில் என் கடை.
உடைந்த போன் திரைகள், வீங்கின பற்றரிகள்.
அவற்றுக்கு நடுவில் ஒருநாள்
சாண் நீளத்தில் ஒரு டீசல் எஞ்சினைக்
கொண்டுவந்து வைத்தார் குணபரன்.
தண்ணி பவுசர் ஓட்டுகிறவர்.
பாசலில் இருக்கும் மச்சான் அனுப்பியதாம்.
வேறாக ஒரு சின்னப் பொட்டலத்தில்
நகத்தளவு பச்சைப் பலகை.
"சத்தம் இதுக்குள்ள இருக்கு, தங்கச்சி.
பூட்டித் தாங்கோ, போதும்."

நாலு திருகு. மூடி கழன்றது.
உள்ளே விரல் வைக்க இடமில்லை.
பாரத்துக்கு வைத்த ஈயக்கட்டியை அராவினேன்,
கூட அராவினால் சில்லு வழுக்கும் என்று
நிறுத்தி நிறுத்தி.
சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்துக்கு,
செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டருக்கு.
மாறினால் ஒரு நூல் புகை,
பிறகு மச்சானுக்கு இன்னொரு கோல்.
காற்றாடியை நிறுத்திவிட்டு
வியர்வை கண்ணுக்குள் இறங்க இறங்க
ஒட்டினேன்.

ஸ்பீக்கர் சீனிக்கட்டி அளவு.
பின்பக்கம் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும்
பேணிக்குள் தும்மின மாதிரித்தான் கேட்கும்.
சுற்றிவரப் பசை பூசி அடைத்தேன்.
மூச்சை அடைத்தால் குரல் வருகிறது.
எனக்கு இன்னும் பிடிபடாத கணக்கு.

மேசையில் ஒரு முழத் தண்டவாளம்.
எந்த டிகோடரும் மூன்றாம் எண்ணோடுதான் பிறக்கும்.
மூன்றைக் கூப்பிட்டேன்.
இருமியது, உறுமியது,
மேசை விளிம்புக்குப் பாய்ந்ததை
அவர் வயிற்றால் மறித்தார்.

"இப்பிடிப் பாயக்கூடாது.
எங்கட கோச்சி முதல்ல உறுமும்,
கொஞ்சம் யோசிக்கும், பிறகுதான் அசையும்."
மூன்றாம் இடத்தில் இருபது எழுதினேன்.
இன்னும் யோசிக்கட்டும் என்றார்.
முப்பத்தெட்டில் தலையாட்டினார்.
பாமசிக்காரர் எட்டிப் பார்க்க
அறுபத்துமூன்றாம் இடத்தைத் தொண்ணூறாய்க் குறைத்தேன்.
ஹோர்ன் மூன்று இருந்தது.
கண்ணை மூடிக் கேட்டு
அடித்தொண்டைக்காரனை எடுத்தார்:
"முறிகண்டியில ஊதுறது
இதுக்குக் கொஞ்சம் கிட்ட."
அந்நேரம் பின்னால் மெய்யான ரயில்
கண்ணாடி அலுமாரி அதிரப் போனது.
கடைக்குள் நின்ற ஆறு பேரில் ஒருவரும் திரும்பவில்லை.

ஏழாம் விசையை அமத்தினேன்.
ஒரு பெண் கதைத்தாள்:
"ஐன்ஷ்டைகன், பிட்ட."

"ஆர் இவ?"
ஏறச் சொல்கிறாவாம், ஜெர்மனில்.
"அழியுங்கோ."
அழிக்கிற கருவி என்னிடம் இல்லை, அண்ணை.
ஒலியளவைச் சைபர் ஆக்கலாம்.
அவ சொல்லிக்கொண்டுதான் இருப்பா,
எங்களுக்குக் கேளாது.

கொஞ்ச நேரம் எஞ்சினைப் பார்த்தபடி நின்றார்.
வெளியில் பவுசரின் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.
"சரி. சைபர் போடுங்கோ."

ஒரு மாதம் போய் வந்தார், மகளோடு.
ஆறு வயது நிறைமதி
கட்டுப்பாட்டுப் பெட்டியை நோண்டி
எட்டாம் இடத்தில் எட்டை எழுதிவிட்டாள்.
அப்படி எழுதினால் எல்லாம் மறந்துபோகும்.
மறுபடியும் எண் மூன்று.
மறுபடியும் பாய்ச்சல், தொண்டை கிழியும் சத்தம்.
நாங்கள் சொல்லிக் கொடுத்தது மட்டும்தான் மறந்தது.
பலகையோடு வந்தவை எல்லாம் இருந்தன,
அவவும்.

கொப்பியை எடுத்தேன்.
மூன்றுக்கு முப்பத்தெட்டு.
அறுபத்துமூன்றுக்குத் தொண்ணூறு.
அடித்தொண்டை ஹோர்ன்.
ஏழாம் விசைக்கு வந்தபோது
என் கைக்குமேல் கை வைக்காத குறையாய்
"அதை விடுங்கோ" என்றார்.
ஏன் என்று கேட்கவில்லை. காசு தந்தார்,
மிச்சத்தை எண்ணாமல் வாங்கினார்.

வாசலில் பவுசரின் படியில் ஒரு காலை வைத்து
உள்ளே ஏறாமல் நின்ற நிறைமதி,
கட்டளை இடுகிறவள் மாதிரித் தகப்பனிடம்:
"ஐன்ஷ்டைகன், பிட்ட."
அவர் ஏறினார்.
முதலில் உறுமியது. யோசித்தது.
பிறகு அசைந்தது பவுசர்.

கொப்பியில் பழைய வரியை வெட்டி
கீழே எழுதினேன்:
குணபரன். ஏழு. உள்ளபடி.