ஆறரை

மருந்தின் பெயர் எனக்குத் தெரியாது.
தெரியக் கூடாது, அதுதான் விதி.
உறைக்குள் ஓர் எண்,
எண்ணுக்குப் பின்னால் லிக்னோகெயின் இருக்கலாம்,
பியூபிவகெயின் இருக்கலாம்.
தாடையைத் திறந்த கை வேறு, ஊசி ஏற்றிய கை வேறு,
கேட்டு எழுதும் கை மட்டும் என்னுடையது.

கல்முனை ஆஸ்பத்திரி. இரவுக் கடமை.
ஜன்னலைத் திறந்தால் கடல்,
மூடினால் மின்விசிறியின் கரகரப்பு.

ஏழாம் கட்டில் உதுமாலெப்பை,
சாய்ந்தமருதுக் கரையில் மீன் ஏலம் கூறுகிறவர்.
மாளிகைக்காட்டுப் பக்கம், விளக்கில்லாத றோட்டில்
படுத்துக் கிடந்த மாட்டில் மோட்டார் சைக்கிள் ஏறி
கீழ்த்தாடை இரண்டாய்ப் போனது.
மாட்டுக்கு ஒன்றுமில்லையாம்.
மருமகன் அதை மூன்று தரம் சொல்லிவிட்டான்.

எட்டாம் கட்டில் நேசதுரை, நாவிதன்வெளி.
லேண்ட்மாஸ்டரின் ஸ்டார்ட் கம்பி
திருப்பி அடித்தது.

இருவருக்கும் ஒரே நாள், ஒரே மேசை,
ஒரே அளவுத் தகடு, நான்கு நான்கு திருகாணி.
ஊசி மட்டும் வேறாக இருக்கலாம்.

பூச்சியம் என்றால் நோவில்லை,
பத்து என்றால் இதற்கு மேல் ஏலாது.
விளங்கப்படுத்தினேன். இருவரும் தலையாட்டினார்கள்.

ஆறு மணி: பூச்சியம், பூச்சியம்.
பஞ்சுத் துணுக்கால் உதட்டைத் தொட்டேன்.
"தொட்டிட்டீங்களா மிஸி?"
உதுமாலெப்பைக்கு நோவைப் பற்றி ஒன்றும் இல்லை.
"என்ட ஒதடு எங்க?" என்றார்
ரப்பர் வளையம் கட்டிய பல்லிடுக்கால்.
'பாரை' என்று சொல்லிப் பார்த்தார்.
'ப' எனக்குக் கேட்டது,
அவருக்குத்தான் வாயில் தட்டுப்படவில்லை.
திரும்பச் சொன்னார். பாரை. பாரை.
நேசதுரையின் பிளேன்டீ பாதி சாரனில் ஊற்றியது.
அவர் அதை அறியாமல் குடித்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாற்பதுக்கு ஏழாம் கட்டிலிலிருந்து தட்டும் சத்தம்.
உதடு வந்துவிட்டது.
நோவும் வந்துவிட்டது, அதே வள்ளத்தில்.
"எத்தனை?"
கையைத் தூக்கினார், கரையில் தூக்குகிற கை.
நாலு. நாலேகால். அஞ்சு.
அஞ்சுக்கு மேல ஆராச்சும் இரிக்கீங்களா?
ஆறு ஒருதரம்.
ஆறு ரெண்டுதரம்.
கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.
ஆறரை.

படிவத்தில் அரைக்குப் பெட்டி இல்லை.
ஆறைச் சுற்றி வட்டமிட்டேன். எட்டிப் பார்த்தார்.
"அரைய விட்டா மிஸி, வள்ளக்காரன் சண்டைக்கு வருவான்."
பரசிட்டமோல் ஏற்றி, நேரம் எழுதி
வெளிச்சத்தைக் குறைத்தேன்.
இருட்டுக்குள் பாரை, பாரை என்றொரு முணுமுணுப்பு,
ஒவ்வொரு 'ப'வுக்கும் ஒரு சின்ன முனகல்.
நிறுத்தச் சொல்லவில்லை நான்.

எட்டாம் கட்டில் நல்ல தூக்கம்.
பத்துக்குப் பூச்சியம், பன்னிரண்டுக்குப் பூச்சியம்,
இரண்டுக்கு ஒன்று.
இந்த உறைதான் வெல்லும் என்று நினைத்தேன்.
நினைக்கக் கூடாது என்பதும் விதி.

நாலு மணிக்குத் துருசு திறந்தது.
சொட்டாக அல்ல, முழு வாய்க்காலும்.
நேசதுரை கட்டில் கம்பியை விட்டுவிட்டு
இரு கைகளையும் விரித்துக் காட்டினார்.
எண்ணினேன். ஒன்பது.
ஒரு விரலைச் சூடடிக்கும் மெசின்
எப்போதோ கொண்டுபோயிருந்தது.
"ஒன்பதா, பத்தா?"
இருப்பதெல்லாம் காட்டிவிட்டேனே என்பதுபோல் பார்த்தார்.
பத்து என்று எழுதினேன்.
சரியா தெரியாது.

மூன்று கிழமை கழித்துக் கிளினிக்கில்
உதுமாலெப்பை, கையில் ஈரமாய் ஒரு பொதி.
"எனக்கு எது கிடைச்ச மிஸி?"
உறைகளை இன்னும் திறக்கவில்லை என்றேன்.
"அப்ப இன்னும் விலை தீரல்ல."
தாடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
பரிசு வாங்கக் கூடாது என்றேன்.
பொதியைத் திரும்பக் கொண்டுபோனார்,
மணம் மட்டும் நின்றது மதியம் வரை.

அன்றிரவு ஏழாம் கட்டிலில் புதிய ஆள்,
மருதமுனைப் பெடியன், கிரிக்கெட் பந்து.
"எத்தனை?" என்றேன்.
"எதுல?" என்றான்.