முதுகு வரையப்படாதவன்

மூன்றாம் கட்டத்தில்
உப்புக் கோட்டை வாசலில் நிற்கிறானே, அவன்.
ஈட்டி, மார்க்கவசம், கொம்பு வைத்த தலைக்கவசம்.
"நில். பெயரைச் சொல்."
அவ்வளவுதான் அவன் வசனம்.
பதில் சொல்லும் பொறுமை யாருக்கும் கிடையாது.
நானே வெட்டியிருக்கிறேன்,
எத்தனை முறையென்று தெரியாது,
டீ ஆறுவதற்குள்.

ராணி வேஷம் போடேன், எடுப்பான மூக்கு உனக்கு,
என்றாள் கூழ் ஃபேக்டரியில்
என் பக்கத்தில் நிற்கும் கௌரம்மா.
ராணிக்குப் பத்துப் பேர் வருவார்கள் கௌரம்மா,
வாசலுக்கு யார் வருவார்கள்?

பழையபேட்டையில் அப்சரின் சீட் கவர் கடை
எட்டரைக்கு மேல் எங்கள் ஆயுதசாலை.
தோளுக்குச் செருப்படி ரப்பர் ஷீட்.
ஹீட் கன் காட்டினால்
சுடச்சுட அப்பளம்போல் வளைகிறது,
வளைந்த வாக்கில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்,
விரல் வெந்தாலும்.
முதல் தோள் கருகியது.
இரண்டாவது யாரோ பயில்வானுக்குப் பொருந்தும்.
மூன்றாவதைப் போட்டுக்கொண்டு
ராத்திரி வீடு வரை கழற்றாமலே போனேன்.
நாய்கள் குரைத்தது நியாயம்தான்.

ஈட்டிக்குப் பிவிசி பைப்.
கொம்புக்கு மண்ணெண்ணெய்ப் புனல் இரண்டு.
மார்புக்கு ஏற்றுமதி அட்டைப்பெட்டி,
கிழிந்ததைத்தான் கேட்டேன்.
எதுக்கு என்றார் சூப்பர்வைசர்.
உடுப்புக்கு சார்.
ரொம்ப நேரம் பார்த்துவிட்டு
கேட் பாஸில் எழுதினார்:
கழிவு அட்டை, எண்ணிக்கை நான்கு.

முன்பக்கம் முடிந்தது. வெள்ளி பெயின்ட்,
மேலே பாலிஷ் கறுப்பைத் துணியால் தொட்டுத் தொட்டு
நூறு சண்டை பார்த்த கறை.
இனி முதுகு.
ஆட்டத்தை நிறுத்தி,
கேமராவை அவனைச் சுற்றித் திருப்பினேன்.
திரும்பவில்லை. மீண்டும் திருப்பினேன்.
சுவரோடு ஒட்டி நிற்கிறவனுக்கு
முதுகென்று ஒன்று
வரையவே இல்லை அவர்கள்.
சுவரும் அவனும் சேருமிடத்தில்
வெறும் சாம்பல் நிறம்.

அப்சர் சொன்னான்: ஏதாவது போடு, யாருக்குத் தெரியும்.
சிங்கம் போடலாம், சூரியன் போடலாம்.
பிரஷ்ஷோடு உட்கார்ந்தேன், உட்கார்ந்தே இருந்தேன்.
கடைசியில் பெயின்ட் டப்பாவை மூடிவிட்டேன்.
பெட்டியின் எழுத்து அப்படியே இருக்கட்டும்.

ஞாயிறு காலை ஓசூர் பஸ்.
படியேறிய பிறகுதான் தெரிந்தது
முழங்காலுக்கு மடிப்பு வைக்க மறந்திருக்கிறேன்.
அவன் உட்கார்ந்து நானும் பார்த்ததில்லையே.
எனக்கொரு டிக்கெட், ஈட்டிக்கு லக்கேஜ்.
நின்றேன், வாசல் கம்பியோரம்,
குருபரப்பள்ளி தாண்டி, வெயில் ஏற ஏற,
கவசத்துக்குள் முதுகெல்லாம் வேர்வை.
சூளகிரியில் கொத்தமல்லிக் கட்டோடு ஏறியவள்
கொஞ்சம் நகரு சாமி என்றாள்.
என்னை எந்தச் சாமி என்று நினைத்தாளோ.
நகர்ந்தேன்.

மாலின் மூன்றாம் மாடியில்
ராணிகள் பதினோரு பேர். எண்ணினேன்.
டிராகன் ஒன்று ஏசிக்கு அடியில் மூச்சு வாங்கியது.
நான் லிஃப்ட் வாசலில் நின்றேன்,
அதுதானே என் இடம்.

எட்டு வயதிருக்கும், ஒருவன் வந்து நின்றான்.
"உங்கள நெறைய தடவ கொன்னுருக்கேன்."
"தெரியும்."
சிரிக்கவில்லை அவன், நானும்.
சட்டென்று என்னைச் சுற்றிப் பின்னால் போனான்.
அதுவரை யாரும் போகாத இடம்.
எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது:
தோத்தாபுரி. ஆறு டின். இந்தப் பக்கம் மேலே.

முன்னால் வந்தான்.
"தோத்தாபுரியா உங்க பேரு?"

என் வசனத்தில் அதற்குப் பதில் இல்லை.
ஈட்டியைச் சாய்த்து வழி விட்டேன்.
அப்போது பார்த்துத்தான்
வலது கொம்பு கழன்று விழுந்தது.
ஓடிப்போய் எடுத்துக் கொடுத்துவிட்டு
லிஃப்டுக்குள் போனான்.