இறாலின் அகலம்

வாய்க்கால் என்னுடையது.
வெட்டியவர்கள் வேறு ஆட்கள். கோடு என்னுடையது.
செனகல் ஆற்றங்கரையில்,
திட்ட அலுவலகத்தின் மூன்றாம் மாடியில்,
குளிர்சாதனம் பழுதான ஒரு செவ்வாய்க்கிழமை
அளவுகோலை வைத்து, மூச்சைப் பிடித்து
ஒரே இழுப்பில் இழுத்தேன்:
நீல மை, பதினெட்டுக் கிலோமீட்டர்.
முடிவில் ஒரு கதவணை, கடலின் உப்பு மேலேறாமல்.
ஆண்டுக்கு இரண்டு போகம் நெல். மிச்சத்துக்குக் கரும்பு.
அறிக்கையின் அட்டையில் ‘நீடித்த வளர்ச்சி’ என்று
பச்சை எழுத்தில் போட்டதும் நான்தான்.
பச்சை என் யோசனை.

ஆறு வருடம் கழித்து
சிகா வந்தாள், தியாமென் சுகாதார நிலையத்திலிருந்து,
கையில் ஒரு தக்காளி விழுது டப்பா.
மூடியைத் திறந்து என் வரைபடத்தின்மேல் கவிழ்த்தாள்.
நத்தைகள்.
மிளகைவிடக் கொஞ்சம் பெரியவை.
ஒன்று மட்டும் நீலக் கோட்டின்மேலேயே நகர்ந்து போனது,
தன் வீட்டுத் தெருவில் போவதுபோல.

நூற்றுப் பதினேழு, என்றாள்.
ஒரு படித்துறையில், ஒரு காலையில்.
பிறகு பையன்களைப் பற்றிச் சொன்னாள்.
பள்ளிச் சுவரோரம் வரிசையாக நின்று
யாருக்கு அதிகச் சிவப்பு என்று பந்தயம் கட்டுகிறார்களாம்.
சிறுநீர் சிவந்தால் ஆளாகிவிட்டான் என்று அர்த்தமாம்.
சிவக்காத ஒருவனை, மாலல் என்று பெயர்,
பத்து நாளாக ஆட்டத்தில் சேர்க்கவில்லையாம்.
அவன் அம்மா மருந்து கேட்டு வந்தாளாம்.
சிவக்கவைக்க.

நான் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.

எங்கள் அறிக்கை நூற்று நாற்பது பக்கம்.
ஹெக்டேர் உண்டு, டன் உண்டு, கன மீட்டர் உண்டு,
கொக்குகளுக்குக்கூடப் பின்னிணைப்பு உண்டு, வண்ணப் படத்தோடு.
மூத்திரம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.
சுகாதாரம் இருந்தது. பக்கம் நூற்று முப்பத்தொன்பது:
கட்டுமானத் தொழிலாளர்களுக்குத் தலைக்கவசம் வழங்கப்படும்.

கூட்டத்தில் அவளுக்கு ஏழு நிமிடம் கொடுத்தார்கள்.
ஆற்று இறால் நத்தையைத் தின்னும், என்றாள்.
குஞ்சு பொரிக்க அது உப்புத் தண்ணீருக்குப் போயாக வேண்டும்,
நாம் கதவைச் சாத்திவிட்டோம்.
நிதித்துறைக்காரர் கண்ணாடியைத் துடைத்தார்:
இது எந்தத் தலைப்பில் வரும், மீன்வளமா, மருத்துவமா?
மீன்வளம் மருத்துவத்தைப் பார்த்தது.
மருத்துவம் கடிகாரத்தைப் பார்த்தது.
மாத்திரை கொடுக்கலாமே, என்றார் யாரோ.
கொடுக்கிறோம், என்றாள், வருடம் தவறாமல்.
விழுங்கிய கையோடு வாய்க்காலுக்குத்தான் ஓடுகிறார்கள்.
நாற்பத்துமூன்று டிகிரி வெயில்.
வேறு எங்கே ஓடுவார்கள்? உங்கள் அறிக்கைக்குள்ளா?

யாரும் எழுதிக்கொள்ளவில்லை. தேநீர் வந்தது.

அடுத்த வாரம் விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன்.
என் கோட்டை முதன்முதலாக நேரில் பார்த்தேன்.
அழகாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.
பெண்கள் முழங்கால் ஆழத்தில் நின்று துவைத்தார்கள்.
நுரை போக மனமில்லாமல் அங்கேயே நின்றது.
சரிவைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடித்தவன் நான்;
அதற்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது.
தண்ணீர் தூங்கினால் பாசி, பாசி இருந்தால் நத்தை
என்றாள் சிகா, சந்தை விலை சொல்வதுபோல,
பழி எதுவும் இல்லாத குரலில்.
அதுதான் தாங்கவில்லை.

பையன்கள் பாலத்திலிருந்து குதித்தார்கள்.
கடைசியாக மாலல், மூக்கைப் பிடித்துக்கொண்டு.
வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.
சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.
எனக்கே குதிக்கவேண்டும்போல இருந்தது.

கதவணை வரை நடந்தோம்.
இரும்பைத் தட்டிப் பார்த்தேன்.
பென்சில் எடுத்து, நோட்டை முழங்காலில் வைத்துக் கேட்டேன்:
ஒரு இறால் எவ்வளவு அகலம்?

சிகா கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்துக் காட்டினாள்.
யோசித்தாள்.
இன்னும் கொஞ்சம் விரித்தாள்.
சினையோடு போகும், பார்த்துப் போடு.