தேய்மானம்

ஏ என்றால் ஒரு கை தூரத்தில் கீறல் தெரியக் கூடாது.
பி என்றால் தெரியலாம், நகம் சிக்கக் கூடாது.
சி என்றால் நகம் சிக்கும்.
க்தினியா துறைமுகத்துக்குப் பின்னால்
மூன்றாம் கிடங்கில், குழல்விளக்கின் கீழ்
நாளொன்றுக்கு நூற்றுப்பத்து மடிக்கணினிகள்
என் நகத்தைத் தாண்டிப் போகின்றன.

இன்று பதினேழாவது.
கறுப்பு. அதாவது, கறுப்பாக இருந்தது.
மூடியின் மூலைகளில் பூச்சு போய்
உள்ளே மக்னீசியம் பல்லிளிக்கிறது.
வங்கியின் சீட்டை உரித்த இடத்தில் மட்டும்
ஒரு செவ்வகம், முதல்நாள் நிறத்தில்.
உள்ளங்கை படும் இடம்
இடப்பக்கம் வழுவழுப்பு, வலப்பக்கம் இன்னும் சொரசொரப்பு.
வலது கை வேறெங்கோ இருந்திருக்கிறது,
மவுஸிலோ, தேநீரிலோ, தாடையிலோ.

விசைகளைச் சாய்த்துப் பார்த்தேன்.
'என்' பளபளக்கிறது. 'ஐ'யும். 'ஈ'யும்.
சேர்த்துப் படித்தால் எங்கள் மொழியில் நியே.
இல்லை. முடியாது. கிடையாது.
எழுபது மாதம் ஒருவர் உட்கார்ந்து
கடன் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம்
நியே நியே என்று தட்டியிருக்கிறார், பார் என்றேன்.
ஸ்வவோமிர் தலையைக்கூடத் தூக்கவில்லை.
"ஐயும் ஈயும் எல்லாருக்கும்தான் தேயும்.
வட்டிக்கணக்கு எழுதினாலும் தேயும், காதல் எழுதினாலும்.
விசையை வைத்து ஜாதகம் கணிக்காதே."

சரிதான்.

ஆனால் அந்த அழிக்கும் விசை.
அதன்மேல் இப்போது குறியே இல்லை,
நடுவில் ஒரு சின்னப் பள்ளம்.
எறும்பு ஊரக் கல் தேயுமென்றால்
எத்தனை எறும்பு, எத்தனை தரம்?
நியே என்று எழுதிவிட்டு அழித்தாரா,
அழித்துவிட்டு மறுபடி அதையேதான் எழுதினாரா
என்பதற்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.

மின்சாரம் கொடுத்தேன். உடனே விழித்தது.
விசிறி ஒருமுறை செருமிக்கொண்டது.
கீல் இரண்டும் இறுக்கம்,
எந்தக் கோணத்தில் விட்டாலும் திரை அங்கேயே நிற்கிறது.
போர்ட்டுகள் சரி. நினைவகம் சரி. பேட்டரி எண்பத்தொன்று.
வங்கியின் ஏட்டில் தேய்மானம் கழித்துக் கழித்து
மூன்றாம் வருடமே இதன் மதிப்பு பூச்சியம்;
இதனிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

பதினெட்டு. அதே வங்கி, அதே வருடம்,
வரிசை எண்ணில் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூட.
ஒரு கைரேகை இல்லை.
பெட்டியோடு வந்த மெல்லிய தாள்
இன்னும் விசைகளுக்கும் திரைக்கும் நடுவில் படுத்திருக்கிறது.
யாரோ மேலதிகாரி. மூடியபடியே தாங்கியில் செருகி,
பெரிய திரையில் பார்த்துக்கொண்டு
ஆறு வருடம் இதை மின்சாரத்தில் ஊறப்போட்டிருக்கிறார்.
மேசையில் வைத்தேன், ஆடியது.
அடிவயிறு உப்பியிருக்கிறது,
வீங்கிய பேட்டரி தொடுபலகையைக் கீழிருந்து முட்டுகிறது.
பொத்தானை அழுத்தினேன்.
அழுத்தினேன்.

தோற்றம்: ஏ.
இயக்கம்: ஒரு கோடு.
மணல் நிரப்பிய இரும்புப் பெட்டியோடு ஆள் வந்து
இரு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

பதினேழுக்கு சி போட்டேன்.
என்ன செய்வது, நகம் சிக்கியது.
நானூற்று முப்பது ஸ்வோட்டி.
மதியத்துக்குள் போய்விட்டது: எல்ப்லாங்கில்
ஏதோ லாரிப் பழுதுக்கடை, நான்கு வேண்டுமாம்.
'அழகு எப்படியிருந்தாலும் பரவாயில்லை,
முதல் நாளே கிரீஸ் படும்' என்று எழுதியிருந்தார்கள்.

கடைசியாக ஒருமுறை ஸ்பிரிட்டில் துடைத்தேன்.
அந்தப் பள்ளத்தில் பஞ்சு ஒரு நூல் தங்கியது.
எடுக்கப் போனபோதுதான் கவனித்தேன்,
போன வாரம் வாங்கிய கையுறை
ஆள்காட்டி விரலில் மட்டும் ஓட்டை,
நகம் வெளியே நிற்கிறது.

பத்தொன்பது.