சோத்துக்கைப் பக்கம்

சம்பளத் துண்டின் முதுகில்
கொழும்பை எழுதிக்கொண்டிருக்கிறார் இவர்.
அந்தப் பக்கத்துப் பிடித்தமெல்லாம்
மை ஊறி இந்தப் பக்கம் தெரிகிறது:
சங்கச் சந்தா, கோயில், அரிசி, மா.
அவற்றின் மேலேயே
தாமரைக் கோபுரம்,
தெஹிவளை மிருகக்காட்சிசாலை,
காலிமுகத்தில் ஆளுக்கொரு இறால் வடை.

பொயாவுக்கு முந்தின இரவு புறப்பட்டால்
திரும்பி வரும் நாளின்
ஒரு பேருதான் போகும்.
எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.
அதையும் செலவில் எழுதச் சொன்னேன்.

தோட்டத்துக் கடைசி பஸ் ஆறு மணிக்கு.
இரவு ரயில் அட்டனுக்கு வர பத்தரை, பதினொன்று.
அதுவரைக்கும் ஸ்டேசன் பெஞ்சில்
நாலு பேரும் என்ன செய்வது என்கிறாள் டில்ருக்ஷி.
குளிருவோம், என்றான் மிதுஷன்.

மூணாம் வகுப்பு.
நாவலப்பிட்டியில் யாராவது இறங்குவார்கள்,
இல்லாவிட்டால் கம்பளை,
அதுவும் இல்லாவிட்டால்
கோட்டையில் எல்லாருமே இறங்கத்தானே வேணும்
என்று சிரிக்கிறார்.

இவர் கொழும்பு பார்த்தது ஒரே தடவை.
லீக்ஸ் மூட்டைக்கு நடுவில் லாரியில் தூங்கிப் போய்
வெறும் சாக்கின் மேல் தூங்கி வந்தவர்.
ஆகவே,
அம்மாவுக்குத்தான் எல்லாம் தெரியும்
என்று முடிவாகிவிட்டது.
நாலு வருசம் வெள்ளவத்தையில் இருந்தவளாச்சே.

கேட்கக் கேட்கச் சொல்கிறேன்.
நூறு பாணந்துறை.
நூற்றியொன்று மொரட்டுவை.
கண்டக்டர்கள் கூவினதுதான்,
குசினிக்குள் வந்து விழுந்தது.
பிட்டகொட்டுவ, பிட்டகொட்டுவ என்று
நான் கூவிக் காட்ட
பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

அப்போது டில்ருக்ஷி கேட்டாள்:
கோட்டையிலிருந்து தெஹிவளைக்கு ரயிலில் போனால்
எந்தப் பக்கம் உட்காரணும், கடல் தெரிய?

பேனா நின்றது.
மூன்று முகமும் என்னைப் பார்க்க

நான் அந்த ஸ்டோர் ரூமில் போய்ப் படுத்தேன்.
பதின்மூன்று வயது.
தலைமாட்டில் காலி வீதி இரைகிறது,
கால்மாட்டில், மூன்று வீடு தள்ளி, தண்டவாளம்.
அதற்கும் அந்தப் பக்கம்தான் என்பார்கள்.
நான் அறிந்ததெல்லாம்
ஜன்னல் கம்பியில் ஏறும் துரு.
தும்பு வைத்துத் தேய்ப்பேன், மறு கிழமை வந்துவிடும்.
உப்புக் காத்து பிள்ளை,
தேய்ச்சாலும் வரும், தேய், என்பார் அன்ரி.
குசினி ஜன்னலுக்கு எதிரே
அடுத்த வீட்டுச் சுவர்.

மல்லாந்து படுத்திருக்கிறேன்.
கோட்டையிலிருந்து வருகிற வண்டி
வலது காதில் நுழைந்து
இடது காதால் போகும்.
அப்படியானால்
அதில் உட்கார்ந்து போனவர்களுக்கு
நானும் என் பாயும் பீச்சாங்கைப் பக்கம்.
கடல்

சோத்துக்கைப் பக்கம், என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார்.
சந்தாவுக்கும் அரிசிக்கும் நடுவில்,
அடிக்கோடு போட்டு.

எப்படியம்மா இருக்கும், என்றான் சின்னவன்.
உப்பா இருக்கும், என்றேன்.
அது உண்மைதான்.

வழியில் வெள்ளவத்தையில் இறங்கி
நீ இருந்த வீட்டையும் பார்ப்பமா என்கிறார்,
பேனாவை மூடாமல்.
வேணாம், அங்க வண்டி
ரொம்ப நேரம் நிக்காது.
என்ன, நிக்கிற வண்டிதானே, என்று தொடங்கியவர்
என் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டார்.

ரொட்டி பதினாறு,
கட்டச்சம்பல் தனிப் போத்தலில்.
கினிகத்தேனைக்கு அந்தப் பக்கம் போனதேயில்லாத
சின்னவன் வாந்தி எடுப்பான்,
நாலு ஷொப்பிங் பை.
அஞ்சு போடுங்க, என்றேன்.
எனக்கும் ஒன்று இருக்கட்டும்.