நடைமேடை 2

கோபியிலிருந்து சத்திக்குப் போகிற வழியில்
வாய்க்கால் பாலம் தாண்டி இடது கை.
மஞ்சள் காட்டு நடுவே ஒரு ரயில் நிலையம்.
இந்தப் பக்கம் ரயில் ஓடியதே இல்லை,
தேர்தலுக்குத் தேர்தல் வரும் என்பார்கள்.

கவுண்டருக்குள் தோட்டத்துக்காரர் சென்னியப்பன்.
வாடகை பாக்கிக்கு ஈடாக
செட்டைப் பிரிக்காமல் விட்டுப் போகச் சொல்லி
கம்பெனியிடம் வாங்கிக்கொண்டவர்.
"தலைக்கு இருபதுங்க. போட்டோவுக்குத் தனி."
அரைவட்டத் துளைக்குள் கைவிட்டு
ஆறு டிக்கெட் வாங்கினார் என் வீட்டுக்காரர்.
கரூரிலிருந்து ஒறம்பரை, இவருடைய அக்கா குடும்பம்.
நங்கை இறங்கும்போதே
கூலிங் கிளாஸ் மாட்டிக்கொண்டாள்.

கடிகாரத்தில் எப்போதும் நாலு பத்து.
தண்டவாளம் அறுபதடி,
மரத்தில் செய்து ஈயக்கலர் அடித்தது.
அது முடிகிற இடத்தில் வரப்பு.
வரப்பில் ஒரு வெள்ளாடு.
நடைமேடை 2 என்று பலகை.
"ஒண்ணாவது எங்கீங்க?"
"படத்துல அது வரலீங்களே."

இந்த பெஞ்சில்தான் அவள் மழையில்
ஏழு நிமிடம் காத்திருந்தாள்.
மூன்று தடவை தியேட்டரில் பார்த்து
மூன்று தடவையும் அதே இடத்தில் மூக்கைச் சிந்தினேன்.
உட்காரப் போனேன்.
"உக்காராதீங்கம்மிணி, தெர்மாகோலு.
போன மாசம் ஒருத்தரு உள்ளயே போயிட்டாரு."

அந்த மழை?
"நம்ம போர்த் தண்ணிதானுங்க, பதினெட்டு லாரி.
அந்தப் புள்ள அழுது முடிக்கறதுக்குள்ள
ரெண்டு ஏக்கரா காஞ்சு போச்சு."
சொல்லிவிட்டுச் சில்லறை எண்ணினார்.

அப்போதுதான் பார்த்தேன்,
ஊர்ப் பலகைக்குக் கீழே ஒரு பையன்
அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தான்.
புளியம்பட்டி மில்லாம், ஊர் ஜார்க்கண்டாம்,
மங்ரு என்று பேர் சொன்னான்.
ஞாயிற்றுக்கிழமை.
"அக்கா, ஹிந்தி தப்பு. ஒரு கோடு இல்ல."
இல்லாத ஊருக்கு
ஒரு கோடு குறைந்தால் என்ன என்று நினைத்தேன்,
சொல்லவில்லை.

தோளில் பெரிய பை. ஜிப் திறந்திருந்தது,
உள்ளே தலையணை மட்டும்.
பெஞ்சுக்கு முன்னால் போய்,
அதன்மேல் படாமல்,
தொடை நடுங்க,
உட்கார்ந்த மாதிரி நின்றுகொண்டு
போனை உயரத் தூக்கினான்.
ஆடு தெரியாத பக்கமாகத் திருப்பினான்.
சதுரத்துக்குள் ஒரு அம்மா,
பின்னால் அவள் வீட்டு மண்சுவர்.
அவன் பேசியது எனக்குப் புரியவில்லை.
நடுவில் போனைக் கையால் பொத்தி,
"அக்கா, மைக்கு. ட்ரெயின் வருது, சொல்லு."

கல்யாணத்துக்கு முன்னால் ரெண்டு வருசம்
ஈரோட்டில் ஜவுளிக்கடை வாசலில்
ஆடித் தள்ளுபடி அறிவித்தவள் நான்.
அவனுக்கு அது எப்படித் தெரியும்?
தெரியாது. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

ரெண்டு கையையும் குவித்தேன்.
"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."
வண்டி எண்ணுக்கு
இவருடைய ஸ்கூட்டர் நம்பர் வந்தது வாயில்.
"கோயமுத்தூரிலிருந்து ஈரோடு வழியாக
தன்பாத் வரை செல்லும் விரைவு வண்டி
இன்னும் சற்று நேரத்தில்
இரண்டாவது நடைமேடைக்கு வந்து சேரும்."
குரல் என்னுடையதாக இல்லை.
கடைசி வார்த்தையில் லேசாக இழுத்தேன்,
மெஷின் இழுக்குமே, அப்படி.

போனுக்குள் அந்த அம்மா
முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.
நம்பினாளா, தெரியாது.
மங்ரு எழுந்து பையை மாட்டினான்,
கை காட்டினான்,
ஓடுகிற மாதிரி நாலடி ஓடி
அழைப்பைத் துண்டித்தான்.
பிறகு தொடையைத் தேய்த்துவிட்டுக்கொண்டே
ஐஸ்காரனைத் தேடிப் போனான்.

திரும்புகிற வழியில்
காரின் பின்சீட்டில் நங்கைக்கு ஒரே கோபம்.
முப்பது போட்டோ எடுத்தாளாம்,
கடைசி நாலில் ஒருத்தர் முகமும் சரியில்லையாம்.
வாங்கிப் பார்த்தேன்.
அவள் பிள்ளைகள், இவர்,
செல்ஃபிக்கு உதடு குவித்திருந்த காலேஜ் பெண்கள்,
துளைக்குள்ளிருந்து தலை நீட்டிய சென்னியப்பன்
எல்லோரும்
தண்டவாளம் முடிகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தாள்.
கடைசி ஒன்றை மட்டும்
எனக்கு அனுப்பிவிட்டு அழியுங்கள் நங்கையா என்றேன்.
"இதுல என்ன இருக்குது?" என்றாள்.
ஆடு இருக்கிறது என்றேன்.